எந்தக் கல்லூரி எந்த அணியில்? – ஒரு மலையும் ஐந்து பல்கலைக்கழகங்களும்

ஒரு சின்னப் பொது அறிவுக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?

கலிபோர்னியா என்று எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். பசிபிக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. சரி, அந்தப் பல்கலைக்கழகம் 2024-லிருந்து எந்த லீகில் விளையாடுகிறது தெரியுமா? 'அட்லாண்டிக் கடற்கரை' லீகில்! ஒரு நாட்டின் மேற்குக் கடலோரம் இருக்கிற கல்லூரி, கிழக்குக் கடலின் பெயர் வைத்த லீகில் ஆடுகிறது. இதைப் படித்துவிட்டு வகுப்பில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ரொம்பச் சிரிக்காதடா. ஊட்டியில இருக்கிற பார்மசி காலேஜ் எந்த யுனிவர்சிட்டி? மைசூர்!"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி ஊட்டியில் 1980-லிருந்து இருக்கிறது. ஆனால் 2008-லிருந்து அது மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பு. முதுமலைக் காட்டைத் தாண்டி வேறு மாநிலம். அப்படியே விரல் விட்டு எண்ணினோம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரியும் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். கேத்தி சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி சென்னை அண்ணா பல்கலைக்கழகம். 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படிக்கும் அதிகாரிகளுக்கு எம்.எஸ்சி. பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். (அவர்கள் நம்மோடு இன்டர்-காலேஜ் ஆட வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்!)

ஒரே மலை, ஐந்து பல்கலைக்கழகம். எப்படி இப்படி ஆனது? நான் எங்கள் கல்லூரி கிரிக்கெட் அணியில் ஸ்கோர் எழுதுகிறவன். பி.காம். படிக்கிறவனுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்? அதனால் இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் அதிகமாகவே துரத்தியது. தேடிப் படித்ததை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது பெரிய தொழில். பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் கூடி ஒரு குழு அமைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடும். 1896-ல் தொடங்கிய 'பிக் டென்' அதில் மூத்தது. பெயர்தான் டென், இன்று அதில் 18 பல்கலைக்கழகங்கள்.

1984-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கால்பந்து ஒளிபரப்பு உரிமையை ஒரே அமைப்பு கையில் வைத்திருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு எந்தக் குழுவில் சேர்ந்தால் டிவி பணம் அதிகம் என்பதே கணக்கு. 2022-ல் பிக் டென் போட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கும் மேல். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் மேற்குக் கடலோரக் குழுவை விட்டு அங்கே தாவுவதாக அறிவித்தன. மற்றவர்களும் பின்னாலேயே கிளம்பினார்கள். நூறாண்டுக்கும் மேல் பழமையான அந்த மேற்குக் குழுவில் 2024-ல் மிஞ்சியது இரண்டே இரண்டு பேர்: ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் பெருநகரங்களுக்கு எட்டத்தில், சிறிய ஊர்களில் இருப்பவை. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவேன்.

நம் ஊரில் லீக் என்பது எது?

நம்மிடம் அந்த மாதிரி குழுக்கள் கிடையாது. நம்மிடம் இருப்பது பல்கலைக்கழகம். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும். அதுதான் இன்டர்-காலேஜ். அதில் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக அணி. அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். பெரும்பாலான குழு விளையாட்டுகளில் மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். இதையெல்லாம் நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-ல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாக ஆரம்பித்தது. கிரிக்கெட்டில் ரோஹின்டன் பாரியா கோப்பை 1935-36-லிருந்தே நடக்கிறது.

ஆக, உங்கள் கல்லூரி யாரோடு ஆடும், நீங்கள் எந்தச் சட்டையைப் போடுவீர்கள் என்பதை முடிவு செய்வது உங்கள் கல்லூரியின் இணைவு. அந்த இணைவை முடிவு செய்வது அரசாங்கத்தின் சட்டம். அங்கே டிவி நிறுவனம், இங்கே அரசிதழ். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரே கூரை

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது தென்னிந்தியா முழுவதற்கும் அது ஒன்றுதான். பிறகு ஒவ்வொருவராகத் தனிக்குடித்தனம் போனார்கள். 1916-ல் மைசூர், 1926-ல் ஆந்திரா, 1937-ல் திருவிதாங்கூர். சிதம்பரத்தில் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆனால் அது வெளிக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒரே வளாகமாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஐதராபாத்தில் 1918-லேயே உஸ்மானியா பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆனால் அதே ஊரில் இருந்த நிஜாம் கல்லூரி 1947 வரை சென்னையோடுதான் இணைந்திருந்தது! உள்ளூரில் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் பரீட்சை எழுதினார்கள். ஸ்டான்ஃபோர்டைப் பார்த்துச் சிரித்தது தப்புதான்.

இதைவிடச் சுவையான கதை நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியுடையது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே. 1956-ல் மொழிவாரி மாநிலப் பிரிப்பில் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் மறுபடி சென்னை. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் மதுரை. 1990-ல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே. கட்டடம் நகரவில்லை, மைதானம் நகரவில்லை, எதிரணிகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேரும் ஒரே கல்லூரியில் ஓடியிருந்தால்கூட மூன்று பேர் மார்பிலும் வேறு வேறு பெயர் இருந்திருக்கும்.

1982: சென்னை போய் கோவை வந்தது

எங்கள் மலைக்கு வருவோம். ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. ஜான் சல்லிவன் கட்டிய 'ஸ்டோன் ஹவுஸ்' அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. அப்போது அது சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரி. ஊட்டியிலிருந்து சென்னை சுமார் 550 கிலோமீட்டர். ஒரு மலைப் பையன் பல்கலைக்கழக அணிக்கு வரவேண்டுமென்றால் சென்னை, வேலூர், திருச்சி, தஞ்சை, சேலம், கோவை என்று அத்தனை ஊர்க் கல்லூரிப் பையன்களையும் தாண்டி வரவேண்டும்.

1982-ல் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகமும் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பிறந்தன. கோவை, ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் பாரதியாருக்கு. (2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானதால் இப்போது நான்கு மாவட்டம்.) திடீரென்று 550 கிலோமீட்டர் 86 கிலோமீட்டர் ஆனது. போட்டியும் நாலு மாவட்ட அளவுக்குச் சுருங்கியது. என்னைப் பொறுத்தவரை மலை மாணவர்களுக்கு நடந்த நல்ல காரியம் இது.

86 கிலோமீட்டரும் சும்மா இல்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணி மேட்சுக்கு ஊட்டியில் நாலு மணிக்கு பஸ் ஏறவேண்டும். குன்னூர் தாண்டி பர்லியார் வழியாக பதினான்கு கொண்டை ஊசி வளைவு. மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைக்கிறபோதே இரண்டு பேர் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்து முடித்திருப்பார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் குளிரில் பழகியவன் 411 மீட்டரில், ஏப்ரல் வெயிலில், முதல் ஓவர் போடவேண்டும். ஸ்கோர் புத்தகத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. "ஹில்ஸ் டீமா? பதினோரு மணிக்குள்ள முடிஞ்சிரும்" என்று எதிரணியில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்குப் பதினொன்றரை வரை இழுத்தோம்.

பொறியியல் கல்லூரிகள் கிளம்பிய கதை

ஒரு காலத்தில் பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் ஒரே லீகில்தான் இருந்தன. வெங்கட்ராகவன் படித்த காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1978-ல் அது அண்ணா பல்கலைக்கழகம் ஆகிப் பிரிந்தது. கோவையின் பி.எஸ்.ஜி. டெக், அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவை 1982 வரை சென்னை, பிறகு பாரதியார்.

2001-ல் பெரிய மாற்றம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளை எல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகங்களிலிருந்து எடுத்து அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பாடத்திட்டம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது காரணம். ஆனால் பாரதியார் லீகிலிருந்து ஒரே நாளில் பெரிய பெரிய அணிகள் காணாமல் போயின.

கதை முடியவில்லை. 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தையே உடைத்தார்கள். சென்னை, கோவை, திருச்சி, நெல்லை, பிறகு மதுரை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பல்கலைக்கழகம். 2012-ல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்தார்கள். 2006-ல் பொறியியல் சேர்ந்த ஒரு மாணவர் படிப்பு முடிப்பதற்குள் அவருடைய பல்கலைக்கழகம் உடைந்தது. 2010-ல் சேர்ந்தவருக்கு படிப்பு முடிப்பதற்குள் ஒட்டியது. கூட்டாளிச் சேர்ப்பு, கூட்டாளி விலகல், நிறுவனக் கலைப்பு என்று நமக்கு மூன்று பாடம் உண்டே, அந்த மூன்றும் ஐந்தே வருடத்தில்!

தனிக்கடை வைத்தவர்கள்

இன்னொரு பக்கம், சில கல்லூரிகள் யாரோடும் சேராமல் தாங்களே பல்கலைக்கழகம் ஆகிவிட்டன. கோவையில் மட்டும் பாருங்கள்: அவினாசிலிங்கம் 1988, அமிர்தா 2003, காருண்யா 2004, கற்பகம் 2008. அவர்களுக்கு இன்டர்-காலேஜ் என்ற படி அநேகமாகத் தேவையில்லை. வளாகத்திலேயே அணியைத் தேர்ந்தெடுத்து நேராகத் தென்மண்டலத்துக்குப் போகலாம். கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு கொடுத்து நல்ல வீரர்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

இதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு ஏழைப் பையனுக்கு ஃபீஸ் இல்லாமல் படிப்பும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கிறது என்றால் அது நல்லதுதான். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து ஆள் எடுத்து, பத்து நாள் பயிற்சி கொடுத்து அனுப்பப்படும் அரசுப் பல்கலைக்கழக அணியும், வருடம் முழுக்க ஒரே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கும் அணியும் ஒரே மண்டலத்தில் மோதுகின்றன. ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவனுக்கு முடிவு என்னவாக இருக்கும் என்று முதல் பத்து ஓவரிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது யார்?

பிரிப்பதும் சேர்ப்பதும் இன்னும் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஒரு புதிய பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியது. அதே ஆண்டிலேயே அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவும் வந்தது. 1929-லிருந்து வெளிக் கல்லூரி எதையும் சேர்க்காத அண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளின் வீடானது. 2025 ஏப்ரலில் கும்பகோணத்தில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அது செயலுக்கு வந்தால் பாரதிதாசனிலிருந்து தஞ்சை வட்டாரக் கல்லூரிகள் பிரியும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது 2025 அக்டோபரில் நடந்தது. தனியார் பல்கலைக்கழகம் தொடங்கத் தேவையான நிலத்தின் அளவைக் குறைத்தும், ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழிவைத்தும் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. அரசு உதவிபெறும் கல்லூரிகளின் கதி என்ன, கட்டணம் என்ன ஆகும், இட ஒதுக்கீடு என்ன ஆகும் என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் எதிர்த்ததும், அரசு அதை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. அந்த விவாதத்தில் விளையாட்டைப் பற்றி யாரும் பேசியதாக நான் படிக்கவில்லை. பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு அப்படி ஒரு வழி திறந்தால், கோவையின் பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தனியே போகலாம். யார் போவார்கள் என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. பெரிய மைதானமும் பெரிய கட்டடமும் உள்ளவர்கள் போவார்கள். மிஞ்சுவது யார்? ஊட்டி, கூடலூர் மாதிரி ஊர்களின் அரசுக் கல்லூரிகள். ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஞாபகம் இருக்கிறதா?

லாப நஷ்டக் கணக்கு

பி.காம். படிக்கிறவன் கணக்குப் போடாமல் முடிக்கக் கூடாது. வரவு: 1960-ல் தமிழ்நாட்டில் ஒரு சாதாரண பட்டப்படிப்பு மாணவன் இடம் பிடிக்கக்கூடிய பல்கலைக்கழக கிரிக்கெட் அணிகள் சென்னை, அண்ணாமலை என இரண்டு. அணிக்குப் பதினைந்து பேர் என்றால் முப்பது இடம். இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே பத்தைத் தாண்டும். நூற்றைம்பது இடம். பல்கலைக்கழகச் சட்டை போட்ட பையனுக்கு வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்க ஒரு சான்றிதழாவது கையில் இருக்கும். அது பெரிய விஷயம்.

பற்று: கதவு அகலமானது, ஆனால் கதவுக்கு அப்புறம் மாடிப்படி செங்குத்தானது. முன்பு சென்னை அணியில் இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி பக்கத்தில் இருந்தது. இப்போது உள்ளே வருவது சுலபம், மண்டலத்தைத் தாண்டுவது கஷ்டம். 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்குப் போகவும் அந்தப் படியில் மேலே இருக்கவேண்டும்.

புதிய கூட்டாளி வரும்போது பழைய கூட்டாளிகள் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பதைத் 'தியாக விகிதம்' என்று படிக்கிறோம். இந்த 150 வருடத்துக் கணக்கில் தியாகம் செய்தவர்கள் யார் என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் மைதானத்தில் நின்றவர்கள்தான். அமெரிக்காவிலும் அப்படித்தான். ஆனால் அங்கே 2025-லிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. நமக்கு பஸ் டிக்கெட்டும், பொட்டலச் சாப்பாடும், ஓ.டி. அட்டெண்டன்ஸும். அதிலும் ஓ.டி. சில நேரம் விட்டுப்போகும்!

கடைசியாக ஒரு விஷயம்

எங்கள் ஹட்டியில் எனக்கு ஒரு நண்பன். பள்ளியில் ஒரே அணி. அவன் போடும் வேகப்பந்துக்கு விக்கெட் கீப்பர் பத்தடி பின்னால் நிற்பான். பிளஸ் டூ முடித்து அவன் பொறியியல், நான் பி.காம். அவன் சேர்ந்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) அந்த ஆண்டு கிரிக்கெட் அணிக்கே ஆள் சேரவில்லை. எங்கள் அணியிலோ வேகமாகப் பந்து போட ஆள் இல்லை. இரண்டு கல்லூரிக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ்தான். ஆனால் அவன் வேறு பல்கலைக்கழகம். இதுவரை அவன் கல்லூரி மேட்ச் என்று ஒன்றுகூட ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மேட்சில் மட்டும் போடுவான். அங்கே இணைவு, மண்டலம் எதுவும் கிடையாது. நம்ம ஹட்டி, பக்கத்து ஹட்டி, எதிர்ச் சரிவில் இருக்கிற எஸ்டேட், அவ்வளவுதான். தேயிலைக்குள் போன பந்தைத் தேட இரண்டு அணியும் சேர்ந்து இறங்கும்.

என் யோசனை ஒன்றுதான். பல்கலைக்கழகங்களைச் சட்டம் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கட்டும், சேர்க்கட்டும். அது நம் கையில் இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை, நீலகிரியில் இருக்கிற எல்லாக் கல்லூரிகளும், கலை, பொறியியல், மருந்தியல், மருத்துவம் என்று பார்க்காமல், ஊட்டியிலேயே ஒரு போட்டி ஆடலாமே? யாரும் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், யாரும் வாந்தி எடுக்க வேண்டாம். சமவெளிக் கல்லூரிகளையும் ஒரு தடவை மேலே கூப்பிடலாம். ஜூலை மாதக் காற்றிலும் மழையிலும் பதினோரு மணிக்குள் யார் முடிகிறார்கள் என்று பார்த்துவிடுவோம் :)

உங்கள் கல்லூரி எத்தனை பல்கலைக்கழகம் மாறியிருக்கிறது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்பாவின் பழைய சான்றிதழில் இருக்கிற பெயரும் உங்கள் அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் வேறாக இருந்தால், எனக்கும் சொல்லுங்கள். குறித்து வைத்துக்கொள்கிறேன். ஸ்கோர் எழுதுகிறவன் வேலை அதுதானே.